சிறிய உடல்வாகுள்ள மாணவிக்கு ஏர் ரைஃபிள் தேர்ந்தெடுத்தது: பாளையங்கோட்டைப் பயிற்சிக்கூடத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

களக்காட்டுப் பக்கம் வாழை விவசாயம் செய்யும் ஒருவரின் மகள். எங்கள் பயிற்சிக்கூடத்துக்கு வந்தபோது ஒன்பதாம் வகுப்பு. உயரம் 147 செ.மீ., எடை 37 கிலோ. பள்ளியின் என்.சி.சி. முகாமில் .22 ரைஃபிளால் நன்றாகச் சுட்டாள் என்று அவளுடைய ஆசிரியை அனுப்பிவைத்திருந்தார். அந்தக் கூடத்தில் துப்பாக்கிகளையும் மற்ற சாமான்களையும் பார்த்துக்கொள்வது என் வேலை. சுடக் கற்றுக்கொடுப்பவர் வேறொருவர்.

என்.சி.சி.யில் சுடுவது தரையில் படுத்து. துப்பாக்கியின் பாரத்தை இரண்டு முழங்கையும் தரையும் தாங்கிக்கொள்ளும். ஆள் சிறிதா பெரிதா என்பது அங்கே அவ்வளவாக வெளியே தெரியாது. 10 மீட்டர் ஏர் ரைஃபிள், அதாவது காற்றழுத்தத்தில் குண்டு பாயும் ரைஃபிள், முழுக்க நின்றபடி சுடும் போட்டி. டார்கெட் வட்டங்களின் மொத்த அகலம் 45.5 மி.மீ., நடுவில் 10 மதிப்பெண் தரும் புள்ளி அரை மில்லிமீட்டர். அதனால் உடம்பில் எங்கோ ஒரு தசை லேசாக நடுங்கினாலும் அட்டையில் பதிந்துவிடும்.

வீட்டிலும் ஒரு துப்பாக்கி உண்டு. தாத்தா பெயரில், பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் வாங்கிய 12 போர் இரட்டைக் குழல். 1972-ஆம் ஆண்டு வனஉயிரினச் சட்டமும் அதன் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்த பிறகு நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர்களில் பன்றி வந்தால் வெடி போட்டோ சத்தம் போட்டோதான் விரட்டுகிறார்கள். தாத்தாவின் துப்பாக்கி பெரும்பாலும் உறையில்தான் இருக்கிறது, தேர்தல் வந்தால் காவல் நிலையத்துக்குப் போய்வருகிறது. இதைச் சொல்லக் காரணம், அந்தத் துப்பாக்கியைத் தூக்கிப் பழகியதிலிருந்து மாணவியின் அப்பாவுக்கு ஒரு கருத்து ஊறிப்போயிருந்தது. முதல் நாளே சொன்னார்: “கனம் இருந்தாத்தான் அண்ணாச்சி துப்பாக்கி ஆடாது. பிள்ளைக்கு லேசானதக் கொடுத்துராதிய.”

அதில் பாதி உண்மை இருந்தது. மீதிப் பாதியால்தான் சில மாதங்கள் வீணாயின.

முதல் மூன்று மாதம்

கூடத்தில் பொதுப் பயன்பாட்டுக்கு இருந்தவை பெரியவர்களுக்கான காற்றழுத்த ரைஃபிள்கள். அவளுக்குக் கொடுத்தது 4.6 கிலோ. சர்வதேச விதி 5.5 கிலோ வரை அனுமதிக்கிறது என்பதால் இது நடுத்தரம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் 37 கிலோ பிள்ளைக்கு அது உடல் எடையில் எட்டில் ஒரு பங்கு. போதாததற்குக் குழலின் நுனியில் இரண்டு எடைத் துண்டுகள் வேறு மாட்டியிருந்தன. முன்பு அதில் சுட்ட ஆறடிக் கல்லூரி மாணவன் விட்டுப்போனவை.

மதிப்பெண்கள் ஒரே மாதிரி விழுந்துகொண்டிருந்தன. 40 குண்டுப் போட்டியைப் பத்துப் பத்தாகப் பிரித்துப் பார்த்தால் 88, 86, 81, 77. மொத்தம் 332. எந்த வாரத்துச் சீட்டை எடுத்தாலும் முதல் இரண்டு தொடர் நன்றாக இருக்கும், அப்புறம் சரியும். பயிற்சியாளர் “தெம்பு பத்தல” என்று முடிவு கட்டினார். முட்டை, கடலை, தோளுக்கு உடற்பயிற்சி என்று பரிந்துரை போனது. தப்பான பரிந்துரை என்று சொல்ல முடியாது. நோய் வேறு என்பதுதான் விஷயம்.

வலிக்கிறதா என்று பலமுறை கேட்டாயிற்று. அப்பா பக்கத்தில் நிற்பார். அவள் ஒவ்வொரு தடவையும் “இல்ல சார், வலிக்கல” என்பாள். கூடத்தில் சுடும் மூத்த மாணவி ஒருத்தியிடம்தான் உண்மை வந்தது: “இடுப்புக்கு மேல கடுக்குக்கா. சொன்னா வேண்டாம்னு அனுப்பிருவாவ.”

கவனித்தவை

அதற்குப் பிறகு சுட்ட அட்டைகளையெல்லாம் மேசையில் பரப்பிப் பார்த்தோம். இரண்டு தனித்தனிக் குறைகள் ஒன்றாகக் கலந்து கிடந்தன. கடைசித் தொடர்களில் குண்டுகள் கீழே இறங்கியிருந்தன. இது முன்பாரம் தாங்காமல் இடக்கை தளர்வதைக் காட்டுவது. ஆனால் முதல் தொடரில், களைப்பே இல்லாத நேரத்தில், குண்டுகள் இடமும் வலமுமாகச் சிதறியிருந்தன. தெம்பு இல்லாததுதான் காரணம் என்றால் முதல் பத்தில் அது ஏன் தெரியவேண்டும்?

சுடும்போது போடும் தடித்த ஜாக்கெட்டோடு அவளை நிற்கவைத்துப் பக்கவாட்டில் இருந்து பார்த்தபோது விடை கிடைத்தது. துப்பாக்கிக் கட்டை, அதாவது தோளில் பதியும் பின்பகுதி, அவளுக்கு நீளம். விரல் டிரிகரை எட்டவேண்டும் என்பதற்காக வலது தோளைப் பின்னால் தள்ளி, கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாள். விரலின் சதைப்பகுதி டிரிகரில் நேராகப் படியவில்லை, நுனி மட்டும் தொட்டது. நுனியால் இழுத்தால் இழுப்பு நேர்பின்னால் போகாமல் பக்கவாட்டில் போகும். பின் சைட்டுக்கும், அதாவது குறிபார்க்கும் துளைக்கும், கண்ணுக்கும் நான்கைந்து விரல் இடைவெளி இருந்தால் போதும். இவளுக்கு ஒரு சாண் இருந்தது. துளைக்குள் முன்சைட்டைச் சுற்றி வெளிச்சம் குறுகலாகத் தெரியும், ஒவ்வொரு முறையும் தலை கொஞ்சம் வேறு இடத்தில் உட்காரும்.

கட்டை நீளத்தைச் சட்டென்று பார்க்க ஒரு பழைய முறை உண்டு. முழங்கையை மடக்கி, கட்டையின் பின்முனையை (பட்) முழங்கை மடிப்பில் வைத்து, டிரிகரை விரல் எட்டுகிறதா என்று பார்ப்பது. அவளுக்கு இரண்டு விரல் அகலம் குறைந்தது. சேர்ந்த புதிதில் பள்ளிச் சீருடையில் வைத்துப் பார்த்தபோது இந்தக் குறை இவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்காது. கித்தான் ஜாக்கெட்டும் உள்பனியனும் சேர்ந்து தோளில் ஏறும்போது அந்தத் தடிப்பு அப்படியே கட்டை நீளத்தோடு கூடிவிடுகிறது. சித்திரை வெயிலில் ஜாக்கெட் இல்லாமல் அளவெடுக்கத் தோன்றுவது இயல்புதான். அந்த அளவு பயன்படாது.

மூன்றாவது விஷயம் இடது கை. நின்று சுடும்போது இடது முழங்கை இடுப்பெலும்பின் மேல் உட்காரவேண்டும். அப்போது பாரம் கையிலிருந்து எலும்பு வழியாகப் பாதத்துக்கு இறங்கும், தசைக்கு வேலை குறைவு. இவளுக்கு முழங்கை இடுப்பில் உட்கார்ந்தது. ஆனால் அப்படி உட்கார்ந்தால் கை டிரிகர் வளையத்துக்கு அருகிலேயே வந்துவிடுகிறது. துப்பாக்கியின் சமநிலைப் புள்ளியோ கைக்கு ஒரு சாணுக்கும் மேல் முன்னால் இருந்தது. மிச்சம் முழுக்க முன்பாரம். அதைச் சரிக்கட்ட முதுகைப் பின்னால் வளைத்தாள். இடுப்புக்கு மேல் கடுப்பதற்கு அதுதான் காரணம்.

மாமாவின் யோசனை

இடையில் கனடாவில் இருக்கும் அவளுடைய தாய்மாமா தொலைபேசியில் வந்தார். ஆல்பெர்டாவில் உரிமம் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறவர், அங்கே அது சட்டப்படி நடக்கிற காரியம். அவருடைய மனைவி ஐந்தடிக்கு உட்பட்டவர். முதலில் கணவருடைய, வலுத்த தோட்டா போடும் .30-06 ரைஃபிளில் சுட்டுப் பழகப் போய், பின்னுதைக்குப் பயந்து டிரிகரை இழுக்கும் முன்னேயே கண்ணை மூடத் தொடங்கியிருக்கிறார். கட்டை நீளம் என்பதால் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) எட்டக் கழுத்தை நீட்டியதில் ஒருமுறை அதன் விளிம்பு புருவத்தில் இடித்திருக்கிறது. பிறகு மிதமான தோட்டாவான .243-க்கு மாறி, இரண்டு விரல் கட்டையைக் குறைத்த பிறகுதான் நிம்மதி. மாமாவின் அறிவுரை: “லேசான துப்பாக்கி, மெல்லிய தோட்டா, குட்டைக் கட்டை.”

இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்று விளக்க வேண்டியிருந்தது. வேட்டை ரைஃபிளில் கனம் குறைந்தால் அதே தோட்டாவின் பின்னுதை கூடும். மெல்லிய உடம்புக்காரர் லேசான துப்பாக்கியை மட்டும் எடுத்துவிட்டு வலுத்த தோட்டாவையே போட்டால் அடி இன்னும் பலமாக விழும். அதனால்தான் அங்கே சிறிய ஆட்களுக்கு .243, 7 மி.மீ.-08, 6.5 கிரீட்மூர் போன்ற மிதமான தோட்டாக்களைச் சொல்கிறார்கள். .243-இன் உதை .30-06-இல் ஏறக்குறைய பாதிதான். நாள் முழுக்க மலையில் தூக்கி நடக்கவேண்டும் என்ற கணக்கும் அங்கே உண்டு.

நம் விஷயத்தில் இரண்டும் இல்லை. அரை கிராமுக்குச் சற்றே மேற்பட்ட ஈயக் குண்டு, விநாடிக்கு 170 மீட்டர் சொச்சம் வேகம். பின்னுதை என்று சொல்ல ஒன்றுமில்லை. தூக்கிக்கொண்டு எங்கும் நடக்கவும் வேண்டாம். ஆக மாமா சொன்ன மூன்றில் தோட்டாவை விட்டுவிடலாம், கனத்தைத் தனியாக யோசிக்கலாம். கட்டை நீளம் மட்டும் வேட்டைக்கும் போட்டிக்கும் பொது. அத்தையின் புருவத்தில் பட்ட தழும்பும் இவளுடைய அட்டையில் இருந்த சிதறலும் ஒரே காரணத்தால் வந்தவை.

எடுத்த முடிவுகள்

செலவில்லாததிலிருந்து தொடங்கினோம். குழல் நுனி எடைகளைக் கழற்றினோம். டிரிகரை அதன் தண்டவாளத்தில் முடிந்தவரை பின்னால் தள்ளினோம். பட் பிளேட்டுக்கும் கட்டைக்கும் நடுவில் இருந்த தகடுகளை எல்லாம் எடுத்தோம். இரண்டே வாரத்தில் 87, 86, 85, 83 என்று வந்தது. கீழே சரிவது நின்றது. பக்கவாட்டுச் சிதறல் போகவில்லை. இதிலிருந்து இரண்டு குறைகளும் வேறுவேறு என்பது உறுதியானது. ஒன்றாக எல்லாவற்றையும் மாற்றியிருந்தால் இது தெரிந்திருக்காது.

குறைத்தது போக இன்னும் ஏறக்குறைய இரண்டரை செ.மீ. நீளம் மிச்சமிருந்தது. கூடத்தில் பயன்படாமல் கிடந்த பழைய மரக்கட்டை ரைஃபிள் ஒன்றை எடுத்து வெட்டுவது என்று பேச்சு வந்தபோது எல்லோருக்கும் தயக்கம். வளர்கிற பிள்ளை, அடுத்த வருடம் என்ன செய்வது? வெட்டுகிற துண்டைத் தூக்கிப்போடாமல், நீளமான திருகாணி போட்டு மறுபடி பொருத்தும்படி வெட்டலாம் என்று ஆசாரி சொன்னதும் பேச்சு முடிந்தது. வாள் போகிற பருமனுக்கு மட்டும் மரம் வீணாகும், அவ்வளவுதான். கன்னம் வைக்கும் பகுதியையும் கொஞ்சம் இழைத்துத் தாழ்த்தினார். இடது கைக்குக் கீழே வைக்க ஒரு தேக்குத் துண்டு செதுக்கினார். அதனால் கையை முன்னால் நீட்டாமலே துப்பாக்கி கண் உயரத்துக்கு வந்தது. அந்தத் துண்டின் ஆழத்துக்குப் போட்டி விதியில் எல்லை உண்டு என்பதால் செதுக்கும் முன்பே அளவு கொடுத்துவிட்டோம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது .177 அங்குலத் துளையுள்ள குழலும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் கொண்ட ஏர் ரைஃபிள், உரிமம் தேவைப்படாத வகை. அதனால்தான் ஆசாரி பட்டறைக்குக் கொண்டுபோக முடிந்தது. தாத்தாவின் இரட்டைக் குழல் போன்றதை இப்படி யாரிடமும் கொடுக்கக் கூடாது. அதற்கு ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்ற கடைதான்.

அப்பாவுக்கு வெட்டுவதில் உடன்பாடில்லை. “சின்னத் துப்பாக்கி விளையாட்டுச் சாமான் மாதிரில்லா இருக்கு” என்றார். கண்ணை மூடி நிற்கிற சோதனையை அவரையே பார்க்கச் சொன்னோம். துப்பாக்கியைக் குறியில் வைத்து, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறக்கவேண்டும். துப்பாக்கி உடம்புக்குப் பொருந்தியிருந்தால் திறக்கும்போதும் குறியை ஒட்டியே நிற்கும். பழையதில் அவள் கண்ணைத் திறந்தபோது பக்கத்து அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டியதில் கறுப்பு வட்டத்துக்குள்ளேயே இருந்தாள். அவர் பதில் ஏதும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வெட்டியதைப் பற்றிக் குறையும் சொல்லவில்லை.

பின்னர் நடந்தது

இரண்டு மாதத்தில் 92, 91, 90, 90. மொத்தம் 363. முதல் தொடருக்கும் கடைசித் தொடருக்கும் இடையே 11 இருந்த வித்தியாசம் 2 ஆனது. மதிப்பெண் கூடியதைவிட இது முக்கியம் என்று நான் நினைக்கிறேன். முதுகு கடுப்பது நின்றதாக மூத்த மாணவி வழியாகவே தெரிந்துகொண்டோம்.

ஆனால் புதிதாக ஒன்று வந்தது. எடை மிகவும் குறைந்துவிட்டதால் துப்பாக்கி சின்னச் சின்னதாகத் துடித்தது. நாடித்துடிப்புகூட முன்சைட்டில் தெரிகிறது என்றாள். கனமாக இருந்தால் ஆடாது என்று அப்பா சொன்னதில் இருந்த உண்மை இதுதான். கனம் வேண்டும், ஆனால் நுனியில் அல்ல. 200 கிராம் எடையை இரண்டு கைகளுக்கும் நடுவில், கட்டையின் அடிப்பக்கம் ஒட்டிப் பார்த்தோம். சமநிலைப் புள்ளி முன்னால் நகரவில்லை, துடிப்பு மட்டும் அடங்கியது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு வந்த மகிழ்ச்சியை மறைக்கவில்லை.

அந்த வருடக் கடைசியில் அவள் 152 செ.மீ. ஆகியிருந்தாள். வெட்டிய துண்டை ஆசாரி குறுக்கே இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை மட்டும் திரும்ப மாட்டினார்.

சொந்தத் துப்பாக்கி

வாழை வெட்டு முடிந்து பணம் வந்ததும் சொந்தமாக வாங்கலாம் என்று குடும்பம் தீர்மானித்தது. வெளிநாட்டு ரைஃபிள் என்றால் லட்சங்களில் போகும் என்பதால் இரண்டாம் கை தேடினார்கள். மதுரையில் ஜூனியர் அளவு ரைஃபிள் ஒன்று இருந்தது. தூக்கிப் பார்த்தாள், உடனே பிடித்துப்போயிற்று. காற்றுச் சிலிண்டரில் பொறித்த தேதியைப் பார்த்தபோதுதான் சிக்கல். பல தயாரிப்பாளர்கள் சிலிண்டருக்கு 10 ஆண்டு ஆயுள் கொடுக்கிறார்கள், இதில் அது கடந்துவிட்டிருந்தது. தேதிக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது சுடுபவரின் பொறுப்பு என்கிறது சர்வதேச விதி. புதுச் சிலிண்டர் விலையைச் சேர்த்தால் லாபமில்லை. அதோடு, இன்னும் இரண்டு வருடத்தில் அந்தக் கட்டை அவளுக்குச் சிறிதாகிவிடும்.

கடைசியில் எடுத்தது பெரியவர்களுக்கான ரைஃபிள்தான். ஆனால் அலுமினியக் கட்டை. பட், கன்னப் பகுதி, கைப்பிடி எல்லாவற்றையும் நகர்த்தலாம். ஆகக் குட்டையாக வைத்தால் அவளுக்கு எட்டுகிறதா என்பதை ஜாக்கெட் போட்டு, டிரிகரில் விரல் படியும் இடத்தைப் பார்த்த பிறகே பணம் கொடுக்கச் சொன்னோம். கிட்டத்தட்ட கடைசிக் கோட்டில் நின்றது. இன்னும் ஒரு செ.மீ. நீளமாக இருந்திருந்தால் வேண்டாம் என்றிருப்போம். பிடியின் பருமன் அவள் உள்ளங்கைக்கு அதிகம், அதை ஆசாரி இழைத்துக் கொடுத்தார்.

மாநில அளவிலான போட்டியில் 400-க்கு 371. பதக்கம் இல்லை, நடுவில் எங்கோ ஓர் இடம். கடைசித் தொடர் 93, மற்ற மூன்று தொடர்களில் எதுவும் அதைத் தாண்டவில்லை.

இனி மாறுவது

புதிதாக யார் வந்தாலும் முதல் வாரத்திலேயே ஜாக்கெட்டோடு அளவெடுத்து அட்டையில் எழுதிவைக்கிறோம்: உயரம், முழங்கை மடிப்பிலிருந்து விரல் வரை, நின்றபடி முழங்கை இடுப்பில் உட்காருகிறதா. வளர்கிற பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்கிறோம். வெட்டிய மரக்கட்டை கூடத்திலேயே இருக்கிறது, துண்டுகளோடு. இப்போது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் அதில் சுடுகிறான், துண்டு எதுவும் மாட்டாமல்.

வலி பற்றிக் கேட்பதைப் பெற்றோர் இல்லாத நேரத்தில், மூத்த மாணவிகளோ மாணவர்களோ கேட்பது என்று வைத்திருக்கிறோம். மதிப்பெண் சீட்டில் மொத்தத்தை மட்டும் எழுதாமல் பத்துப் பத்தாக எழுதச் சொல்கிறோம். குண்டு எந்தப் பக்கம் சிதறியது என்று ஓர் அம்புக்குறியும் போடவேண்டும்.

எடை விஷயத்தில் பயிற்சியாளருக்கும் எனக்கும் இன்னும் ஒத்த கருத்து இல்லை. அவர் இப்போதே குழல் பக்கம் கொஞ்சம் ஏற்றலாம் என்கிறார். உடல் எடை 42 கிலோ தாண்டட்டும், அதுவரை நடுவிலேயே இருக்கட்டும் என்பது என் பக்கம். அப்பா பயிற்சியாளர் பக்கம். போன வாரம் நிறுத்துப் பார்த்தபோது 41 இருந்தாள்.